இளஞ்சிவப்பு அட்டை

இந்த அத்தியாயத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று என் இரண்டு கண்களின் மீதும் சத்தியம் செய்கிறேன். இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. அந்தக் கண்ணின் சத்தியம் செல்லாது என்று நினைப்பவர்கள் வலது கண்ணுடையதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

நூலகத்தின் புவியியல் அலமாரியில் காளான் முளைத்தது என்று சென்ற வாரம் எழுதியதை நம்பாமல் மூன்று பேர் கடிதம் போட்டிருந்தார்கள். காளான் முளைத்தது உண்மை. அதற்குப் பெரியவள் எண் போட்டு ஒட்டினாள் என்பதும் உண்மை. அதை யாரோ இரவல் வாங்கிப் போனார்கள். திரும்பி வரவில்லை.

பெரியவள் என்பவள் என் அக்காவின் மகள். ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருடமாக எங்கள் பேட்டையின் இரண்டு அறை நூலகத்தை நடத்துகிறாள். பின்னால் இருக்கும் மூன்றாவது அறையில் குடியிருக்கிறாள். அவளுடைய தம்பி சின்னவன், படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறான்; நூலகக் குழுவுக்கு அவன்தான் செயலாளர். நான் தாய்மாமன். தினமும் காலையில் நூலகத்துக்குப் போய்ப் பேப்பர் படிப்பதைத் தவிர எனக்கு வேறு உத்தியோகம் இல்லை.

கூரை ஒழுகுகிறது. எட்டு வாரமாக அதற்குத்தான் நிதி திரட்டுகிறோம். நாற்காலிக்கு நன்கொடையாளர் பெயர் எழுதும் திட்டம் போட்டோம். பல் டாக்டர் பெயர் எழுதிய நாற்காலியில் அதற்கப்புறம் யாருமே உட்காரவில்லை. தொடர் வாசிப்பு விழா நடத்தினோம். ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர் ஒருவர் டெலிபோன் டைரக்டரியை ஏழு மணி நேரம் வாசித்தார். பாதிப் பெயர்கள் தாண்டியபோது கூட்டத்தில் இரண்டு பேர் அழுதார்கள். வந்த பணத்தில் கூரையின் ஒரு மூலைக்குத் தார்ப்பாய் வாங்கினோம். ஒழுகல் அடுத்த மூலைக்குக் குடி போனது.

அந்த நிலைமையில்தான் மரக்கடைக்காரர் வந்தார்.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் பெரியவளின் முறையைச் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு உறுப்பினர்களின் எண்தான் தெரியும், ஆள் தெரியாது. தெரியக்கூடாது என்பது அவளே போட்டுக்கொண்ட சட்டம். முகத்தைப் பார்த்தால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் புத்தகம் வராது என்பாள். கவுண்டரில் தலை நிமிர மாட்டாள். நீட்டுகிற அட்டையையும் அதைப் பிடித்திருக்கும் நாலு விரலையும் பார்ப்பாள், தேதி முத்திரை குத்துவாள், அடுத்த ஆள். பேட்டையில் அவளுக்கு 'முத்திரை' என்றே பட்டப்பெயர். எந்த எண் யாருடையது என்ற பேரேடு நூலகத்தில் இருக்காது. சின்னவன் கடையில் பூட்டி இருக்கும்.

மாதாமாதம் ஒன்றாம் தேதி, கெடு தாண்டிய எண்களுக்கு அவள் அட்டை எழுதுவாள். முதல் மாதம் வெள்ளை. இரண்டாம் மாதம் மஞ்சள். அதன் பிறகு புத்தகம் வந்து சேர்கிறவரை இளஞ்சிவப்பு. எண்ணை மட்டும் எழுதிக் கட்டாகக் கட்டித் தம்பி கடைக்கு அனுப்புவாள். அவன் பேரேட்டைப் பார்த்து விலாசம் எழுதித் தபாலில் போடுவான். எழுதுகிறவளுக்கு யாருக்கு என்று தெரியாது. போடுகிறவன் பேர் சொல்லக்கூடாது.

பெற்ற தாய்க்கே ஒரு முறை இளஞ்சிவப்பு போனது. இன்னொரு முறை அவளுடைய சொந்த எண்ணுக்கே போய், தன்னைத்தானே பதினைந்து நாள் தள்ளிவைத்துக்கொண்டு, வாசற்படியில் நின்று, "இன்னிக்குப் பேப்பர்ல என்ன போட்டிருக்கு?" என்று உள்ளே இருந்தவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள். என் கண்ணால் பார்த்தது. வலது கண்ணால்.

இனி இன்றைய நாள்.

காலை ஒன்பது மணிக்குச் சின்னவன் என்னைக் கடைக்கு வரச் சொல்லியிருந்தான்.

"மாமா, கதவைச் சாத்துங்க."

மேஜை மேல் ஒரு பெண்ணின் படம் கிடந்தது. கொஞ்சம் பல் தெரியச் சிரிக்கிற முகம். அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"யாரு தெரியுதா? உங்க தெருக்காரங்கதான். மரக்கடைக்காரர் வீட்டம்மா. எண் இருநூத்திப் பதினாலு."

"தெரியுது. இவங்க போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சே."

"ஆச்சு. அவங்க பேரை நூலகத்துக்கு வெச்சா முழுக் கூரையும் போட்டுத் தர்றேங்கறார். புது மரம், புது ஓடு, ஒரு சொட்டு விழாது. பேரு வைக்கறதுல கஷ்டம் ஒண்ணும் இல்ல. கூடவே இன்னொண்ணு கேக்கறார்."

"என்ன?"

"பதினோரு வருஷம் முன்னாடி இந்தம்மா ஒரு புத்தகம் எடுத்தாங்க. 'கடலடி உயிர்கள்'. படம் போட்டது, செங்கல் கனம் இருக்கும். படிச்சுட்டுக் கொடுத்தனுப்பிட்டேன்னு சாகற வரைக்கும் சொன்னாங்களாம். அக்கா வரவு எழுதற ஏட்டுல அது ஏறல. மாசாமாசம் அட்டை போயிட்டே இருந்துச்சு. இப்ப அவர் கேக்கறது இதுதான். அக்கா எல்லார் முன்னாடியும் அந்த ஏட்டுல 'வந்தது'ன்னு எழுதி முத்திரை குத்தணும். இல்லன்னா நாற்காலியை விட்டு எழுந்திரிக்கணும்."

"அவ எழுத மாட்டாளேடா."

"தெரியும். அதான் இதை இப்பவே போட்டு வெச்சுட்டேன்."

இன்னொரு சட்டத்தைத் திருப்பிக் காட்டினான். குழுவின் தீர்மானம். நூலகர் இன்று முதல் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார். நாளை மாலைக்குள் பின்னறையையும் காலி செய்வார். கீழே இன்றைய தேதி. சுற்றிலும் தங்க விளிம்பு.

"தங்க விளிம்பு எதுக்குடா?"

"மிச்சம் இருந்துச்சு மாமா."

நான் விளிம்பைத் தடவிப் பார்த்தேன்.

"கூரை இல்லன்னா நூலகமே இல்ல. நூலகம் இல்லன்னா அக்கா மட்டும் எங்க உட்காருவா? கணக்குப் போட்டுப் பாருங்க," என்றான். "நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். கையைத் தூக்கச் சொல்லும்போது தூக்கினாப் போதும்."

"அவகிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடுடா."

"நீங்க சொல்லுங்களேன். எனக்கு அவ கூடப் பிறந்தவ. உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்ல."

சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் நூலகத்துக்குப் போனேன். பெரியவள் ஸ்டூல் மேல் நின்று, தன் நாற்காலிக்கு மேலே சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, அந்த அளவுகோலை எடுங்க. தம்பி ரெண்டு ஆணி கேட்டிருக்கான்."

"ரெண்டு எதுக்காம்?"

"ஒண்ணு அந்தம்மா படத்துக்கு. இன்னொண்ணு ஏதோ தீர்மானமாம். நன்றித் தீர்மானமா இருக்கும். எழுத்துப் பிழை இல்லாம எழுதியிருக்கணும், சுவர்ல மாட்டறது."

"பிழை இல்ல," என்றேன்.

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவள் முகம் மலர்ந்து நான் பார்த்தது மொத்தம் மூன்று முறை. இது மூன்றாவது. "இருபத்தாறு வருஷத்துல இந்தக் குழு எழுத்துல ஒரு நன்றி சொன்னதில்ல மாமா," என்று சொல்லிவிட்டு இரண்டாவது ஆணியின் இடத்தை மூன்று தரம் அளந்தாள். நான் அளவுகோலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வாயில் அவள் கொடுத்த ஆணி இருந்தது. வாயில் ஆணி இருக்கும்போது மனிதன் எப்படிப் பேசுவது?

பதினோரு மணிக்குக் கூட்டம் சேர்ந்தது. முப்பத்தோரு உறுப்பினர்கள். வெளியே தூறல். உள்ளே நான்கு இடத்தில் பக்கெட் வைத்திருந்தோம். பிஸ்கெட்டும் டீயும் வந்தன. சின்னவன் தன் அக்காவுக்கு முதல் வரிசையில், நட்ட நடுவில் இடம் போட்டிருந்தான்.

மரக்கடைக்காரர் கையில் ஒரு பெரிய பிஸ்கெட் டப்பாவோடு வந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல். இன்னும் பிஸ்கெட் போலிருக்கிறது என்று ஒரு பெரியவர் கையை நீட்டினார். டப்பாவுக்குள் அட்டைகள்.

"இது வெள்ளை. இது மஞ்சள்," என்று எடுத்து மேஜை மேல் வைத்தார். "மிச்சம் நூத்தி முப்பதும் ஒரே கலர்."

ஒவ்வொன்றாக எடுத்தார். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்தான். ஆனாலும் தேதியோடு வாசித்தார்.

"இது ஆஸ்பத்திரியில சேர்த்த அன்னிக்கு வந்தது. 'உங்கள் மீது நம்பிக்கை வைத்துத் தரப்பட்ட புத்தகம்.' இது தலைமுடி கொட்டின மாசம். 'உங்கள் மீது நம்பிக்கை வைத்துத் தரப்பட்ட.' நாலு பேர் பிடிச்சு உட்கார வைக்க வேண்டிய உடம்பு. இதைப் பார்த்துட்டு எழுந்து போய் அலமாரியெல்லாம் தேடினா. விழுந்தா. இடுப்பு எலும்பு போச்சு." இன்னொன்றை எடுத்தார். "இது அவளை எடுத்துட்டுப் போன அன்னிக்கு. நான் வண்டியில ஏறும்போது தபால்காரர் கையில கொடுத்தார். இது, அதுக்கு அடுத்த மாசம். இது, அதுக்கும் அடுத்த மாசம்."

பெரியவள் முதல் முறையாக நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். சின்னவன் அதற்குள் படத்தை மாட்டியிருந்தான். அவள் பார்த்தது முகத்தை அல்ல. படத்துக்குக் கீழே சின்னவன் எழுதி ஒட்டியிருந்த பெயரையும் தேதியையும்.

"இருநூத்திப் பதினாலு இவங்களா?" என்று கேட்டாள்.

அவள் எழுந்து போய் மேஜையில் இருந்த ஓர் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

"விலாசம் உன் எழுத்து."

"ஆமாக்கா," என்றான் சின்னவன்.

"இவங்க இறந்தது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"பேரே சொல்லக்கூடாதுன்னியே அக்கா."

அவள் சட்டம், அவன் கடைப்பிடித்தான். இருபத்தாறு வருடத்தில் அந்தச் சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தவன் அவன் ஒருவன்தான்.

மரக்கடைக்காரர் ஏட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை அவள் முன்னால் தள்ளினார்.

"எனக்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம்மா. இங்க 'வந்தது'ன்னு எழுதுங்க. என் பொண்டாட்டி பொய் சொல்லலன்னு ஒரு முத்திரை குத்துங்க. நாளைக்கே கூரைக்கு ஆள் ஏறுவான். நீங்களும் உங்க நாற்காலியிலயே இருங்க."

பெரியவள் பேனாவை எடுத்தாள். எடுத்தாள் என்பதையும் சத்தியமாகச் சொல்கிறேன். ஒரு சொட்டு மேலிருந்து விழுந்து ஏட்டின் ஓரத்தில் படர்ந்தது. அவள் அதை முழங்கையால் ஒற்றினாள்.

"புத்தகம் வந்துச்சா?"

"வரல."

"உங்க வீட்டுல இருக்கா?"

"மூலை முடுக்கெல்லாம் பார்த்தாச்சு. கடையில அடுக்கின மரத்தையெல்லாம் இறக்கிக்கூடப் பார்த்தாச்சு. இல்ல. யார்கிட்டயோ கொடுத்தனுப்பிட்டேன்னு சொன்னா. யார்கிட்டன்னு கடைசியில ஞாபகம் வரல." கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "இங்க யாருக்காவது தெரியுமா?"

பக்கெட்டுகளில் சொட்டு விழுந்தது. ஒருவர் பல் டாக்டரைப் பார்த்தார். நான் டீ குடித்தேன். நன்றாக ஆறிப்போயிருந்தது.

"அவங்க பொய் சொன்னாங்கன்னு நான் சொல்லல," என்றாள் பெரியவள். "அந்தம்மா பட்டதுக்கு நான் காரணம்னா, ஆமா, நான்தான் காரணம். அதை எங்க வேணும்னாலும் எழுதித் தர்றேன். ஆனா வராத புத்தகத்தை வந்துச்சுன்னு இந்த ஏட்டுல எழுத மாட்டேன்."

"ஒரே ஒரு வார்த்தைம்மா."

"இருபத்தாறு வருஷமா இதுல அந்த ஒரு வார்த்தையைத்தான் எழுதறேன். வந்தா எழுதுவேன்."

"அப்ப செத்தவளுக்கு இன்னமும் அட்டை போடுவீங்களா?"

அவள் யோசித்தாள். பொய் வராது அவளுக்கு. அந்த வியாதிதான் அவளை இந்த வயது வரைக்கும் தனியாக வைத்திருக்கிறது.

"புத்தகம் சாகலையே," என்றாள்.

அந்த வார்த்தையோடு கூட்டத்தின் மனசு அவளை விட்டுப் போய்விட்டது. நாற்காலிகள் நகர்ந்த சத்தத்திலேயே தெரிந்தது.

சின்னவன் தீர்மானத்தை வாசித்தான். கண்ணாடியில் வெளிச்சம் பட்டு எழுத்து மறைந்ததால் சட்டத்தை இப்படியும் அப்படியும் சாய்த்து வாசித்தான். "ஆதரிக்கறவங்க கையைத் தூக்குங்க," என்றான்.

ஒரு கை. பிறகு நாலு. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாமல் வந்து, அவளிடமே உட்கார்ந்து கற்றுக்கொண்ட தையல்காரர் கை. டைரக்டரி வாசித்தவர் கை. அவள் தலை நிமிராததால் யாருடையவை என்று அவள் அறியாத கைகள். ஆனால் விரல்களை அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு விரலாக எண் சொல்லிக்கொண்டு போவது உதட்டசைவில் தெரிந்தது.

சின்னவன் எண்ண ஆரம்பித்து இரண்டு முறை தப்பவிட்டான்.

"தள்ளு," என்று அவளே எண்ணினாள். கடைசி வரிசையில் என் முன்னால் வந்து நின்றாள். "முப்பத்தொண்ணு. எல்லாரும். மாமா, நீங்க கையை இறக்கிக்கலாம். தோள்பட்டை வலிக்கும்."

இறக்கினேன். வலித்தது.

சின்னவன் தீர்மானத்தை இரண்டாவது ஆணியில் மாட்டினான். இரண்டு சட்டமும் மயிரிழை கோணல் இல்லாமல் நின்றன. ஆணி அடித்த கை அப்படி.

சாவிக்கொத்தையும் தேதி முத்திரையையும் மேஜை மேல் வைத்தாள் பெரியவள். முத்திரையின் தேதியை நாளைக்குத் திருப்பி வைத்தாள், அடுத்து உட்காருகிறவருக்குச் சௌகரியமாக. போய்விடுவாள் என்று எல்லோரும் வழி விட்டார்கள். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அக்கா," என்றான் சின்னவன்.

"இன்னிக்கு ஒண்ணாம் தேதி."

இழுப்பறையைத் திறந்து ஓர் இளஞ்சிவப்பு அட்டையை எடுத்தாள். வழக்கமான வாசகத்தை வழக்கமான கையெழுத்தில் எழுதினாள். எண் போட்டாள். தம்பியிடம் கொடுக்கவில்லை. எழுந்து, மரக்கடைக்காரர் முன்னால் போய் நின்று, அவர் முகத்தைப் பார்த்து நீட்டினாள்.

"விலாசம் இப்பத் தெரிஞ்சுபோச்சு. தபால்ல போட வேண்டாம்."

அந்தப் பெரிய உடம்பு ஒரு கணம் ஆடியது. அடிப்பார் என்று நினைத்தேன். இரண்டு நாற்காலி பின்னால் தள்ளிக்கொண்டேன். அவர் அட்டையை வாங்கினார். தேதியைப் படித்தார். டப்பாவில் வரிசைப்படி கடைசியில் வைத்து மூடினார்.

"கூரைக்கு நாளைக் காலையில ஆள் வரும்," என்று சின்னவனிடம் சொல்லிவிட்டுத் தூறலில் நடந்து போனார்.

கூட்டம் பிஸ்கெட்டைத் தீர்த்துவிட்டுக் கலைந்தது. பின்னறையில் பெரியவள் துணிமணிகளை ஒரு பெட்டிக்குள் அடுக்கினாள். பெட்டி பாதிகூட நிறையவில்லை. அவளுடையது என்று அந்தக் கட்டடத்தில் ஒரு புத்தகம்கூட இல்லை. எல்லாம் எண் போட்டவை.

"மாமா, உங்க வீட்டுல கொஞ்ச நாள் இருக்கலாமா? தம்பி வீட்டுக்குப் போக மாட்டேன்."

"என் அறையை எடுத்துக்கோ. நான் கூடத்துல படுத்துக்கறேன்."

"உங்க கட்டில் ஆடுமே."

"இப்ப ஆடறதில்ல."

"சரி பண்ணிட்டீங்களா?"

"ரொம்ப நாள் ஆச்சு."

"நல்லதாப் போச்சு." பெட்டியின் கொக்கியை மாட்டினாள். "எல்லாரும் கையைத் தூக்கினாங்க மாமா. உங்க மேல எனக்கு வருத்தம் இல்ல. நீங்க ஒருத்தர்தான் இப்ப இங்க நிக்கறீங்க. நாளைக்கு வந்ததும் முதல் வேலை, அந்த அறையைக் கழுவி விட்டுடறேன். கட்டிலை நகர்த்தி அடியில எல்லாம் பெருக்கணும். உங்களுக்கும் குனிய முடியறதில்ல."

"எதுக்கும்மா, இருக்கட்டும்."

"எனக்கும் கைக்கு ஒரு வேலை வேணுமில்ல?"

பெட்டியை நான் தூக்க வந்தேன். அவள் விடவில்லை.

மரக்கடைக்காரர் மனைவி பதினோரு வருடங்களுக்கு முன் 'கடலடி உயிர்கள்' புத்தகத்தை என் கையில்தான் கொடுத்தனுப்பினார். என் கட்டிலின் தலைமாட்டு இடது காலுக்கு அது அளவெடுத்தாற்போல் பொருந்தியது.